சாதுவின் சம்பளம்

"இதய டாக்டர் வியாழக்கிழமை காலையில இருப்பார் சார், உங்களுக்கு வசதிப்படுமா?" என்று அவள் போனில் குழைவாகக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கூடத்தில் சாது குரைக்க ஆரம்பித்தது. வெளியே யாரோ அழைப்புமணியை அழுத்தியிருந்தார்கள். ஒன்றிரண்டு குரைப்போடு நிறுத்தினால் சமாளித்துவிடலாம். இதுவோ மணி அடித்த சேதி அடுத்த தெருவுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதுபோல விடாமல் குரைத்தது.

மறுமுனையில் பெரியவர், "ஏம்மா, நான் மனுஷங்க ஆஸ்பத்திரிக்குத்தானே போன் போட்டேன்?" என்றார்.

அவர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தும் தொலைத்தாள். அவர் புகார் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே சூப்பர்வைசர் கூப்பிட்டாள். அவள் குரலில் எப்போதும் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். "எனக்கும் நாய்னா உயிருதாங்க. ஆனா இது ரெண்டாவது புகார். இன்னொண்ணு வந்துச்சுன்னா வீட்லேர்ந்து வேலை பாக்கிறதை நிறுத்திடுவாங்க. அப்புறம் நீங்க தினமும் ஆபீஸுக்குத்தான் வரணும். பாத்துக்கோங்க."

ஆபீஸ் ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட அம்மா, இப்போதுதான் கைத்தடியோடு வீட்டுக்குள் நடமாடுகிறாள். அவளைக் காலையிலிருந்து இரவு வரை தனியாக விட முடியாது. ஆள் வைத்துப் பார்த்தாயிற்று. முதலில் வந்தவளை "நடக்கறப்ப தரை அதிருது" என்று அம்மா விரட்டினாள். அடுத்து வந்தவளை என்ன காரணத்துக்காக விரட்டினாள் என்று இன்றுவரை தெரியாது. ஆக, இந்த வேலை வீட்டிலேயே இருந்தால்தான் குடும்பம் ஓடும். அது இப்போது ஒரு நாயின் வாயில் இருந்தது.

நாய் அவள் கேட்டு வாங்கியதல்ல. தம்பி வெளியூருக்கு மாற்றலாகிப் போகும்போது, "ஒரே ஒரு வாரம் வச்சிரு அக்கா, ரொம்ப சாது" என்று சொல்லி அவள் தலையில் கட்டிவிட்டுப் போனான். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. அவன் சொன்னதையே அவள் பேராக வைத்துவிட்டாள். கூப்பிடும்போதெல்லாம் தம்பியைத் திட்டின திருப்தியாவது கிடைக்கும்.

சாதுவை வழிக்குக் கொண்டுவர அவள் செய்யாதது இல்லை. அதட்டினாள். கெஞ்சினாள். படுக்கையறைக் கதவிடுக்கில் போர்வையைச் சுருட்டி அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து வேர்த்து வடிய வேலை பார்த்தாள். குரைப்பை நிறுத்தினால் பிஸ்கட் என்றாள். அது இரண்டே நாளில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டது. பிஸ்கட் வேண்டுமானால் முதலில் குரைக்க வேண்டும், பிறகு நிறுத்த வேண்டும். தலையில் அடித்துக்கொண்டாள்.

இத்தனை ரகளைக்கும் நடுவில் அம்மா மட்டும் கடலை உடைத்துக்கொண்டோ பட்டாணி உரித்துக்கொண்டோ டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் வேலை செய்யும் நேரமெல்லாம் டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்ப்பாள். அந்த ஒரு விஷயத்தில் அம்மாவைக் குறை சொல்ல முடியாது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

வேறு வழியில்லாமல் ஒரு நாய்ப் பயிற்சியாளரை வரவழைத்தாள். ஒல்லியான மனிதர். வந்தவர் சாதுவைத் தொடக்கூட இல்லை. நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். மணியை அடிக்கச் சொன்னார். சாது கதவுக்கு ஓடிக் குரைத்தது. நேராக அம்மாவிடம் ஓடி அவள் முகத்தைப் பார்த்துக் குரைத்தது. மறுபடி கதவுக்கு ஓடியது.

"இவன் பயத்துல குரைக்கலைங்க. கோவமும் இல்ல" என்றார் அவர். "வேலை பாக்கறான். இந்த வீட்ல யாரோ குரைக்கறதுக்கு இவனுக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பட்டாணியைப் பார்த்தாள்.

"நீயாம்மா?" என்று கிட்டே போய் நின்று கேட்டாள்.

"எனக்கு வேற வேலை இல்ல பாரு" என்றாள் அம்மா. ஆனால் அவளுடைய நைட்டிப் பைக்குள் கையை விட்டதும் பிஸ்கட் தூள் வந்தது. மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே வேலை போகுமா நிற்குமா என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கும்போது, அங்கே நாய்க்குச் செல்லம்! "ஏம்மா, நான் தெருவுல நிக்கணும்னு ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டே விட்டாள். அம்மா டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பயிற்சியாளருக்கு இதெல்லாம் பழக்கம் போலிருக்கிறது. "சண்டை வேணாங்க. அவங்க குடுக்கறதைவிட நீங்க அதிகமாக் குடுங்க. நல்ல முதலாளி யாருன்னு அவனுக்குத் தெரியும்" என்றார். மணி அடித்தால் சாது வாயைத் திறக்காமல் மூலையில் இருக்கும் பாயில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் கூலி. குரைத்தால் யாரும் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது.

பிஸ்கட் டப்பாக்கள் எல்லாம் அவளுடைய அலமாரிக்குள் போயின. சாவி அவள் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. விடியற்காலையில் அவளே வெளியே போய் மணியை அடித்துவிட்டு, அவளே உள்ளே ஓடிவந்து கூலி கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்தார். அந்த வாரம் முழுக்க அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "அந்த வாயில்லா ஜீவனைப் போட்டு வதைக்கிற" என்றாள். வாயில்லா ஜீவனாம்! வாயைத் தவிர அதனிடம் வேறு என்ன இருந்தது?

ஆனால் பலித்தது. ஒருநாள் பார்சல்காரர் மணியடித்தார். சாது எழுந்தது, கதவைப் பார்த்தது, பாயில் போய் உட்கார்ந்தது. ஒரு சத்தம் இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மடியில் வாரிப் போட்டுக் கொஞ்சினாள். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. சூப்பர்வைசர், "லைன் இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்று பாராட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளை முடியச் சற்று நேரம் இருக்கையில், குப்பைப் பையைக் கீழே போட்டுவிட்டு வரலாம் என்று அவள் வெளியே போனாள். திரும்பி வந்தபோது காற்றில் கதவு அறைந்து தாழ் விழுந்திருந்தது. வீட்டுச் சாவி உள்ளே. கைபேசியும் உள்ளே.

மணியை அடித்தாள். காத்திருந்தாள். மறுபடி அடித்தாள். கதவைத் தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் இடித்தாள். "அம்மா! அம்மா!" என்று கத்தினாள். பக்கத்து ஜன்னலின் திரைச்சீலை கொஞ்சம் விலகியிருந்தது. அதன் வழியாக எட்டிப் பார்த்தாள்.

அம்மா கதவுக்கு முதுகைக் காட்டி, கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நிதானமாகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கதவு அதிர்கிறது, மணி அலறுகிறது, பெற்ற மகள் தொண்டை கிழியக் கத்துகிறாள். அம்மாவின் தலை திரும்பவில்லை. ஒரு விரல்கூட நிற்கவில்லை.

மூலையில், பாயின் மேல், சாது உட்கார்ந்திருந்தது. அவள் கற்றுக்கொடுத்ததை இம்மி பிசகாமல் செய்துகொண்டிருந்தது. வாலை ஆட்டியது. ஜன்னலில் அவளைப் பார்த்ததும் கூலி எங்கே என்பதுபோல நாக்கைத் தொங்கப்போட்டது.

அவளுக்குச் சத்தமில்லாத டிவி நினைவுக்கு வந்தது. போனே பிடிக்காது என்று அம்மா தன் கைபேசியைத் தொடாமல் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவளுக்கு அலுத்துவிட்டது போல என்றுதான் அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சாது" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "குரைடா."

சாது வாலை ஆட்டியது.

"டேய், குரைடா! உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன், குரை!"

அது இன்னும் நிமிர்ந்து, இன்னும் ஒழுக்கமாக உட்கார்ந்தது. உள்ளே கடிகாரத்தில் வேலை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு மானத்தை விட்டு, "லொள்!" என்றாள். "லொள்! லொள்!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "என்னம்மா," என்றார் எதிர்வீட்டுக்காரர், "இப்ப நீயுமா?"

அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. தொண்டை வலிக்கக் குரைத்தாள். சாதுவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பாயை விட்டுத் துள்ளி எழுந்து அம்மாவின் முன்னால் போய் நின்று, பழைய சாதுவாக, வீடே அதிரக் குரைத்தது.

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். அதன் தலையைத் தடவி, உரித்த பட்டாணியில் நாலு மணியை அதன் வாயில் போட்டாள். அப்புறம் தடியை ஊன்றி எழுந்து வந்து கதவைத் திறந்தாள்.

"தாழ் விழுந்திடுச்சா?" என்றாள் சாவகாசமாக. "கூப்பிடக் கூடாதா?"

கத்த வேண்டும் என்று இருந்தது. கத்தினாலும் கேட்காது என்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது. அவள் உள்ளே ஓடி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

வேலை முடிந்ததும் அம்மாவின் எதிரில், உதடு தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். "எவ்வளவு நாளா கேக்கலைம்மா?"

"யாருக்குக் கேக்கலை? நீதான் முணுமுணுன்னு பேசற. ஊர்ல இருக்கற நோயாளிகிட்ட எல்லாம் எப்படி நிறுத்தி நிதானமாப் பேசற! அந்தக் குரல்ல எங்கிட்டப் பேசினா எனக்கும் கேக்கும்."

அது சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் விடவில்லை. "காது டாக்டரைப் பாத்துடலாம்மா."

அம்மாவின் முகம் சிவந்தது. "மூச்சு விடறதை வச்சே லைன்ல யாருன்னு சொன்னவ நான். என்னைக் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறியா? மணி அடிச்சா சாது சொல்லப் போறான். பால் பொங்கினாலும் அவன்தான் சொல்லிட்டு இருந்தான். நல்லாத்தானே இருந்தோம் நாங்க. நீதான் அவன் வாயைக் கட்டிப்போட்டுட்ட."

அவள் பயிற்சியாளருக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "குரைக்காம கூப்பிடவும் கத்துக்குடுக்கலாங்க. இந்தத் தடவை சம்பளம் அம்மா கையாலயே போகட்டும்."

அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாக்கள் திரும்பி வந்தன. மணி அடித்தால் அம்மாவின் முழங்காலை மூக்கால் முட்ட வேண்டும். முட்டினால் பிஸ்கட். அம்மா இதற்கு ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. "எனக்காக ஒண்ணும் இல்ல. நாய்க்கு ஒரு வித்தை கத்துக்குடுக்கறோம், அவ்வளவுதான்." சாதுவும் எத்தனை முதலாளிதான் மாறுவது என்று நினைத்திருக்க வேண்டும். முட்டுவதற்குப் பதில் குரைத்தது, குரைப்பதற்குப் பதில் பாயில் போய் உட்கார்ந்தது, ஒருநாள் மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்துவிட்டுக் களைத்துப் படுத்துக்கொண்டது. ஒருவழியாகப் படிந்தது. வீடு அமைதியானது. காது டாக்டர் என்ற பேச்சை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் அம்மாவுக்கு உடனே தூக்கம் வந்துவிடும்.

பிறகு ஒருநாள், வேலையின் நடுவில் அடுத்த அழைப்பு வந்தது.

"வணக்கம், மருத்துவமனை முன்பதிவு. சொல்லுங்க."

"வணக்கம் மேடம். காது டாக்டரைப் பார்க்கணும். ஒரு நேரம் குடுக்க முடியுமா?"

வெட்டு ஒன்று துண்டு இரண்டான, பிசிறில்லாத ஆபரேட்டர் குரல். ஹெட்போனில் ஒரு தரமும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தரமுமாகக் கேட்டது. அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

"அம்மா..."

"ரெண்டு தடவை வேற யாரோ எடுத்தாங்க, வச்சிட்டேன்" என்றாள் அம்மா. "மேடம், கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

அவள் குரலை உயர்த்தினாள். "பேஷன்டுக்கு என்ன பிரச்சனைங்க?"

"இன்னும் சத்தமா."

மூடிய கதவும், கதவிடுக்குப் போர்வையும், இத்தனை நாள் பாடுபட்டுக் கட்டின அமைதியும் போகட்டும் என்று அவள் கத்தினாள். "பேஷன்டுக்கு! என்ன! பிரச்சனை!"

வீட்டில் ஏதோ விபரீதம் என்று சாது முடிவு கட்டிவிட்டது. கற்ற வித்தையெல்லாம் பறந்தது. கதவுக்கும் அம்மாவுக்குமாக ஓடி ஓடி, கூரை பெயரக் குரைத்தது. பேசுவதெல்லாம் பதிவாகிற லைன். சொல்ல வேண்டியதை அவள் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நாய் சத்தத்துக்கு மன்னிச்சுக்கோங்க!" என்று கத்தினாள்.

"நாயா?" என்றாள் அம்மா. அந்தக் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் தளர்ந்தது. "எனக்கு ஒண்ணும் கேக்கலைம்மா. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மறுநாள் காலையின் முதல் நேரத்தைப் பதிவு செய்தாள். கூட யார் வருவார்கள் என்று கேட்பது வழக்கம். அதையும் கத்தித்தான் கேட்டாள்.

"எம்பொண்ணு வருவா" என்றாள் அம்மா.