பங்குனியில் பகல் நித்திரை

பங்குனி பிறந்தால் எங்கள் வீட்டில் சட்டம் மாறும் என்று எனக்கு இந்த வருசம்தான் தெரிந்தது. தயிர் இல்லை. தயிருக்கு ஊற்றுகிற கித்துள் பாணி இல்லை. விடியக் கடலால் வந்து கால் கழுவ முன்னமே ஒரு கோப்பை சுள்ளென்று எரிக்கிற வேர்க்கொம்புத் தண்ணி கையில் வந்துவிடும். பிறகு நெஞ்சில் கொள்ளுமாவைப் போட்டு, கருவாட்டுக்கு உப்புத் தேய்க்கிற மாதிரி என் மனுசி மெலனி தேய்ப்பாள். மத்தியானம் பாவற்காய். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை. பகலில் நித்திரை கொள்ளக் கூடாதாம்.

நான் சூடை மீன் பிடிக்கிற வலைக்காரன். பொழுதுபட போட்டில் ஏறினால் விடியத்தான் கரை. மற்றவர்களுக்கு இரவு எப்படியோ எனக்குப் பகல் அப்படி. கட்டிலில் சாய்ந்தால் முச்சக்கரவண்டியில் பாட்டுப் போட்டுப் பாண் விற்கிற சூன் பாண்காரனின் பாட்டுக்கூடக் காதில் விழாது. அப்படிப்பட்டவனிடம் வந்து பகலில் கண்ணை மூடாதே என்றால் அவன் எப்போதான் மூடுவது? இதைக் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. காரணம், போன பங்குனி.

போன பங்குனியில் ஒரு மத்தியானம், தயிரும் பாணியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். கிணற்றடியிலிருந்து வந்த மெலனி, நான் உதடு நீலம் பாய்ந்து மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்ததைக் கண்டாள். பக்கத்து வளவு நஜாத்தின் முச்சக்கரவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தந்த, வாயில் வைத்து இழுக்கிற மூச்சுப் பம்ப் இப்போதும் என் சேர்ட் பையில் கிடக்கிறது. அன்றைக்கு நடந்ததில் பாதி எனக்கு மறந்துபோயிற்று. அவளுக்கு ஒரு துளியும் மறக்கவில்லை.

இந்த வருசம் மாசி முடியும்போது, ஆயுர்வேத வைத்தியசாலை றிஸ்லா டொக்டர் எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டிப் பெண்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார். மாரியில் உடம்பில் சேர்ந்த சளி, வெயில் ஏறும்போது இளகி நெஞ்சுக்கு வரும். ஆகவே இனிப்பைக் குறையுங்கள், தயிரை விடுங்கள், உடம்பைத் தேயுங்கள், பகலில் படுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் முக்கால்வாசி வெங்காயத் தோட்டக்காரர். அவர்கள் இரவில் படுத்து விடிய எழும்புகிறவர்கள். அவர்களுக்குச் சரி. அந்தக் கூட்டத்தில் ஒரு சூடை வலைக்காரனின் மனுசியும் இருந்தாள் என்பது டொக்டருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு என்னை முழிப்பாக வைத்திருப்பதே மெலனியின் உத்தியோகமாகிவிட்டது. வெங்காயத் தாள் அரியச் சொன்னாள். கோழிக்கூட்டைப் பிரித்துத் திரும்பக் கட்டச் சொன்னாள். வேலை முடிந்தால் எனக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு கதை கேட்பாள்.

"இஞ்ச பாருங்க, கண்ணை மூடாதீங்க."

"மூடயில்ல புள்ள, யோசிக்கிறன்."

"கண்ணைத் திறந்துகொண்டு யோசிங்க."

தபசுகாலத்து வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில், முழந்தாளில் நின்றபடியே நித்திரையாகிவிட்டேன். எல்லாரும் எழும்பி அடுத்த தலத்துக்குப் போன பிறகும் நான் எழும்பவில்லை. பூசை முடிய பாதர் என் தோளில் தட்டி, றொபிக்கு இந்த வருசம் நல்ல பக்தி என்றார். மெலனி சிரிக்கவில்லை. அவள் முகத்தில் கண்ணைச் சுற்றிக் கருமை விழுந்திருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். பங்குனி வெயில் என்று நினைத்துக்கொண்டேன். ஆம்பிளையின் கண் அவ்வளவுதான்.

அடுத்த நாள் சனி. விடியக் கரைக்கு வந்துகொண்டிருந்தோம். என்னோடு தொழில் செய்கிற பஸ்தியான் அண்ணன் முன்னுக்கிருந்து வலையில் மீன் கழற்றினார். இஞ்சின் பிடி என் கையில். கரையில் கோயில் சிலுவை தெரிந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. பிறகு அண்ணன் என் கன்னத்தில் விட்ட அறை ஞாபகம் இருக்கிறது. போட் பாறைகளுக்கு நடுவில் இருக்கிற வாய்க்காலை விட்டுத் திரும்பிக் கல்லுப்பாருக்கு நேரே போய்க்கொண்டிருந்தது. அவர் பாய்ந்து பிடியைத் திருப்பியபோது பாரில் உடைந்த தண்ணி எங்கள் இரண்டு பேரையும் நனைத்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ரெண்டு வீட்டில் ஒப்பாரி.

கரையில் மெலனி மீன் கூடையோடு நின்றாள். பஸ்தியான் அண்ணன் குரலைத் தாழ்த்தவே இல்லை.

"தங்கச்சி, இவனுக்கு வீட்டில நித்திரை குடுக்கிறதில்லையா? இஞ்சினைப் பிடிச்சபடி நித்திரை! நான் பார்க்காட்டி பாரில அடிச்சு முடிஞ்சிருக்கும்!"

நான் சமாளித்து ஏதோ சொல்லப் பார்த்தேன். மெலனி கூடையைக் கீழே வைத்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மீன் நாற்றம் போகாத உடுப்போடு என்னை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனாள்.

றிஸ்லா டொக்டர் முழுக்கதையையும் கேட்டார். நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துப் பார்த்தார்.

"நெஞ்சு நல்ல சுத்தம். ஆனா இவர் இரவு தொழில் செய்றவர் எண்டு நீங்க அண்டைக்குச் சொல்லயில்லையே, தங்கச்சி. பகல்ல படுக்க வேணாம் எண்டது இரவில படுக்கிற ஆக்களுக்கு. இரவு முழிக்கிறவங்க, முழிச்ச நேரத்தில பாதி நேரம், காலையில வெறும் வயித்தோட நித்திரை கொள்ளலாம். நம்மட வைத்தியத்திலயே அப்படித்தான் இருக்கு. திண்டுபோட்டு உடனே படுக்கிறதுதான் கூடாது. பம்பையும் விடாதீங்க."

வழக்கில் வென்றவனைப் போல நான் மெலனியைப் பார்த்தேன். அவளுக்கும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவளோ விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அப்ப இனி இவர் படுக்கத்தான் வேணுமா, டொக்டர்?"

"ஓம். ஏன்?"

"நித்திரையிலதானே அண்டைக்கு அப்படி வந்தது." அவள் என் சேர்ட் பையில் பம்ப் கிடக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். "முழிச்சிருந்தா மூச்சு விடுறதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். இவர் படுத்தா ஒரு வேலை ஓடுதில்ல. கிட்டப் போய்க் காது வைச்சு வைச்சுக் கேட்கிறன். பகல்ல படுக்க வேணாம் எண்டு நீங்க சொன்னதும்தான் எனக்கு உயிர் வந்தது."

"இவர் கடலுக்குப் போனாப் பிறகு நீங்க நித்திரை கொள்றீங்கதானே?"

"கடலில இருக்கிற மனுசனை நினைச்சா நித்திரை வருமா?"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு வருசமாக இந்தப் பெட்டை பகலும் இல்லை இரவும் இல்லை என்று கிடந்திருக்கிறாள். நான் தயிர் இல்லை, பாணி இல்லை என்று முறைப்பாடு வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அவள்மேல் அன்பு பொங்கியது. டொக்டருக்கு முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயந்து பம்பை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து முழுகினேன். வெறும் வயிற்றோடு கட்டிலுக்குப் போனேன். மெலனி புதுச் சீத்தைத் துணி விரித்துவிட்டு, பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள்.

"நீயும் படு."

"எனக்கு வேலை கிடக்கு. நீங்க படுங்க."

கதிரையில் இருக்கிற வேலை என்னவென்று நான் கேட்கவில்லை. கண்ணை மூடினேன். மூச்சு அடங்கிப் போகப் போகக் கதிரை கிறீச்சிட்டது. அவள் என் பக்கம் குனிகிறாள். மூச்சை இழுத்து விட்டேன். கதிரை திரும்பக் கிறீச்சிட்டது, சாய்ந்துகொள்கிறாள். கொஞ்சம் அமைதியாக இருந்தால் மறுபடியும் குனிகிறாள். எனக்கு விசயம் விளங்கிவிட்டது.

ஆகவே நான் சத்தமாக மூச்சு விட ஆரம்பித்தேன். குறட்டை மாதிரி இல்லாமல், ஆனால் அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, நிதானமாக, நல்ல நித்திரையில் கிடக்கிறவன் விடுகிற மாதிரி. கதிரைச் சத்தம் குறைந்தது. பிறகு நின்றது. அவள் தலை மெதுவாகக் கட்டில் ஓரத்தில் என் கைக்குப் பக்கத்தில் சாய்ந்தது. கண்ணைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். வாயை லேசாகத் திறந்துகொண்டு நித்திரையாகிவிட்டாள்.

வெளியே சூன் பாண்காரன் பாட்டோடு வந்தான். எழும்பிவிடுவாளோ என்று இன்னும் கொஞ்சம் சத்தமாக மூச்சு விட்டேன். அவள் அசையவில்லை. என் கண் எரிந்தது, இமை கல்லாய்க் கனத்தது. ஆனால் நானும் நித்திரையானால் மூச்சு அடங்கிவிடும், அவளுக்குக் கேட்காது. விடிந்தால் ஞாயிறு என்பதால் சனி இரவு எங்கள் துறையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. எனக்கு இரவு இருக்கிறது.

அந்தப் பகலும் நான் நித்திரை கொள்ளவில்லை.