கரிக்குவியலில் காய்த்த பூசணி

எங்கள் அத்தானுக்கு விருந்தாளி என்றால் தலைகால் புரியாது. அக்காள் கணவர், எங்கள் ஆலையின் மேலாளர். வைக்கோலிலிருந்து எத்தனால் எடுப்பது பூமிக்கும் பணத்துக்கும் லாபமா என்று கணக்குப் பார்க்க ஒரு நிபுணர் வருகிறார் என்றதும், ஓடிக்கொண்டிருந்த கொதிகலனை நிறுத்தி, ஆலையையே கழுவித் துடைத்துவிட்டார்.

நிபுணர் வந்த அன்றுதான் கொதிகலனை மறுபடி மூட்டினோம். மூட்டுகிற நாளில் மட்டும் நிலக்கரி. மறுநாளிலிருந்து, எத்தனால் எடுத்தபின் மிஞ்சும் சக்கையே எரிந்து ஆலையை ஓட்டிவிடும். நிபுணரோ அந்த ஒரு நாள் கரியை வருஷம் முழுக்க எரிவதாகப் பெருக்கிவிட்டார். ஆலை தரும் சக்தியைவிடத் தின்பது அதிகம், மூடிவிடலாம் என்றது அறிக்கை.

பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் என்னிடம் அத்தான் அதைக் காட்டியது, ஆலையை மூட இயக்குநர்கள் கையெழுத்துப் போட வந்த காலையில்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே கூட்டத்துக்குள் போய் நிபுணருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"இவர் வந்த அன்னிக்குத்தான் கொதிகலனை மூட்டினோம். கரி அன்னிக்கு மட்டும்தான் எரிஞ்சுது," என்றேன்.

"அதுக்கு என்ன சாட்சி?" என்றார் இயக்குநர்களின் தலைவர் அம்மா.

அத்தான் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். விருந்தாளிக்காக ஆலையை நிறுத்தினேன் என்று அவர் எந்த முகத்தோடு சொல்வார்?

"வாங்க, காட்டறேன்."

பின்கட்டில் கரிக்குவியலை, வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று, நிபுணர் வந்த நாளைப் போலவே அன்று காலையும் அத்தான் தார்ப்பாயால் மூடியிருந்தார். இழுத்துப் போட்டேன். ஓர் ஓரத்தில் மட்டும் கரி அள்ளிய பள்ளம். மிச்சமெல்லாம் பூசணிக்கொடி, நடுவில் பானை மாதிரி ஒரு காய்.

"தினமும் அள்ளுற கரியில பூசணி காய்க்குமாங்க?"

நிபுணர் வீம்பு பிடிக்கவில்லை. கொதிகலனுக்குள் சக்கை விழுவதைப் பார்த்துவிட்டு, அங்கேயே மடிக்கணினியைத் திறந்தார். கணக்கில் கரியை எடுத்துவிட்டுச் சக்கையைப் போட்டார்.

"புகையும் குறையுது, செலவும் குறையுது. ஒரு பங்கு சக்தி போட்டா மூணு பங்கு திரும்ப வருது. மூட வேண்டாங்க. தாராளமா பெரிசு பண்ணலாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்தால் அழக்கூடாது என்று யார் சொன்னது?

தலைவர் அம்மா அத்தான் பக்கம் திரும்பினார். "அவர் வர்றதுக்கு முன்னால கொதிகலனை ஏன் நிறுத்தினீங்க?"

"பார்க்க சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"இனிமே எங்களுக்காக எதையும் கழுவாதீங்க. அந்தக் காயை மட்டும் பறிச்சுக் குடுங்க, வீட்டுக்குக் கொண்டு போறேன்."

அத்தான் பறித்தார். கொடுப்பதற்கு முன் கைக்குட்டையை எடுத்து, கரி போக அழுத்தித் துடைத்தார்.