மொழிபெயர்ப்பாளர் வரட்டும்

அப்பாவின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள் மகள். கடைசியில் அவசரமாக நெஞ்சை அமுக்கிப் பார்த்தவர்கள் அப்படியே திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் சலூனைத் திறந்தவர், வலி வந்ததும் தனியாகவே இந்த அரசு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். அவளும் தம்பியும் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் வந்து தன் மொழியில் பேச ஆரம்பித்தார். அவள் நிமிர்ந்தாள்.

“எனக்குப் புரியல. நம்ம பாஷை தெரிஞ்சவரை வரச் சொல்லுங்க.”

தம்பி அவள் காதருகே குனிந்தான். “அக்கா, எனக்குத்தான் அது ஒரு எழவும் புரியாது. உனக்கு என்ன? துணிக்கடையில நாள் பூரா அதைத்தானே பேசுற?”

“அப்பாவுக்குத் தெரியாதுல்ல? அவருக்கு எவன் வந்தான்? எனக்கு வரட்டும்.”

அப்பாவின் மொழி ஊரில் பாதிப் பேர் பேசும் மொழி. அதுவும் ஆட்சிமொழி என்று சட்டம் வந்த அன்று, அப்பா காசு வாங்காமல் எல்லோருக்கும் முடிவெட்டினார். “இனிமே எந்த ஆபீஸுக்குப் போனாலும் ஊமை மாதிரி நிக்க வேண்டாம்டா” என்று கத்தரிக்கோலை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ஒரு மொழிபெயர்ப்பாளரையும் போட்டார்கள்.

நர்ஸ் போனை வைத்துவிட்டு டாக்டரிடம் திரும்பினாள். மொழிபெயர்ப்பாளர் ஆஸ்பத்திரி சூப்பிரண்டு வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அந்த வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போயிருக்கிறாராம். தினமும் அதுதானே அவர் வேலை என்று சிரித்தாள். மகளுக்குப் புரியாது என்ற தைரியம்.

வெகுநேரம் கழித்து அவர் வந்தார். கையில் காய்கறிப் பை. கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

டாக்டர் அவரிடம் தன் மொழியில் தாழ்ந்த குரலில் சொன்னார்: “இவர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார், யாருக்கும் விளங்கவில்லை. வாயு என்று நினைத்து மாத்திரை கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். நெஞ்சுவலி என்று தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார். இதை அப்படியே சொல்லிவிடாதே.”

மொழிபெயர்ப்பாளர் மகள் பக்கம் திரும்பினார்.

“வந்த உடனே எல்லா வைத்தியமும் பாத்திருக்காங்கம்மா. நேரம் சரியில்ல, என்ன பண்றது? அப்பா கஷ்டப்படலையாம். தூங்குற மாதிரி போயிட்டாராம்.”

“அவ்வளவுதான் சொன்னாரா?”

“அவ்வளவுதாம்மா.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பி மொழிபெயர்ப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான். பிறகு அக்காவிடம் திரும்பினான். சின்ன வயதில் இருட்டைக் கண்டு பயந்து அவளைப் பார்ப்பானே, அதே முகம்.

“அக்கா, டாக்டர் அதானே சொன்னாரு? அப்பா கஷ்டப்படலதானே?”

தம்பி மொழிபெயர்ப்பாளரை விட்டு அவளிடம் கேட்டதும், டாக்டர் சட்டென்று அவளைப் பார்த்தார். நர்ஸும் பார்த்தாள். அவள் நாக்கு நுனியில் இரண்டு மொழியும் வந்து நின்றன.

“ஆமாடா,” என்றாள். “அதான் சொன்னாரு.”

ஸ்ட்ரெச்சரை லிப்டுக்குள் தள்ளினார்கள். இடம் போதவில்லை. அப்பாவின் காலடியில் ஒடுங்கி நின்றாள். கதவு மூடியது. லிப்ட் இறங்கி நின்றது. மேலே எங்கிருந்தோ பதிவுசெய்த பெண் குரல் ஒன்று, டாக்டரின் மொழியில் ஒருமுறை சொல்லிவிட்டு, அப்பாவின் மொழியில் ஒரு பிசிறில்லாமல் சொன்னது:

“தரைத்தளம். கதவு திறக்கிறது. தயவுசெய்து வழிவிடுங்கள்.”