ஹெல்மெட்டைக் கழற்றும் காட்சி

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷெட்டில் இருந்தவர்கள்: பார்சிலோனாவிலிருந்து வந்த டைரக்டர் லொரென்ஸ் கசடெவால். பாடுவதற்காகச் சென்னையிலிருந்து வந்த ரம்யா. பக்கத்து இரும்பாலையில் வேலை செய்யும் பத்துப் பன்னிரண்டு பேர், அவர்களில் ஃபோர்மேன் தாவீது, பேக்கிங்கில் இருக்கும் ஏஞ்சலின். பஸ்ஸில் வந்த விருந்தாளிகள், பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள், எல்லார் கழுத்திலும் அட்டை. முதல் வரிசை நடுவில் ஆலையின் ஹெச்.ஆர். மேனேஜர் பாக்கியநாதன். சாவிக்கொத்தோடு, ஆலைக்கும் இந்த ஷெட்டுக்கும் வாட்ச்மேனான கலியன். மொழிபெயர்க்க நான், பென்னி. ஏஞ்சலினின் அண்ணன் ஜோஷ்வா இல்லை. அவன் போன வருஷமே செத்துவிட்டான்.

நானும் அதே ஆலையில் நைட் ஷிப்ட் பார்த்தவன்தான். ஜோஷ்வா செத்த மறுவாரம் நின்றுவிட்டேன். துக்கம் என்று சொல்ல முடியாது. கம்பெனி பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அவ்வளவுதான். உருளையிலிருந்து தெறித்த கம்பி ஒன்று அவன் தலையில் அடித்திருந்தது. ஹெல்மெட் கொடுத்திருந்தோம், அவர்தான் போடவில்லை என்று கம்பெனி திருவள்ளூர் கோர்ட்டில் சொன்னது. வழக்கு இன்னும் நடக்கிறது. ஏஞ்சலின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுவிட்டுப் போய் வருகிறாள்.

லொரென்ஸுக்கு எழுபதைத் தாண்டிய வயது. அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷ் மாதிரி அரைகுறை என்பதால் எங்களுக்குள் சுலபமாகப் போயிற்று. ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்தார். டீ குடிக்கும்போது தன் கதையைச் சொல்வார், வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல. அப்பா ஸ்பெயினில் கட்டலான் பாஷை பேசும் ஊர் ஒன்றில் நூற்பாலை பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவர். அந்தப் பாஷைக்குத் தடை போட்ட சர்வாதிகாரி இருந்த காலம். இவர் சர்ச் ஹாலில் தன் பாஷையில் நாடகம் போட ஆரம்பித்தார். முதல் வரிசையில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பாராம். அவர் இருக்கும்வரை புனிதர் கதை. சிகரெட் பிடிக்க வெளியே போனால் நிஜ நாடகம். திரும்பி வந்தால், பாதி வசனத்திலேயே மறுபடியும் புனிதர். இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார்.

பிறகு ஓபரா. ராஜா ராணி உடுப்பையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, கோரஸ் பாடுகிறவர்களை மேடையில் உருளைக்கிழங்கு உரிக்க வைத்தார். ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். பத்து வருஷம் கழித்து அதே ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜெர்மனி, இத்தாலி எல்லாம் கூப்பிட்டது. மனைவி போய்விட்டாள். மகன் பேசுவதில்லை. கடைசியில் ஒரு பெரிய ஓபரா அரங்கம், பணம் கொடுக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று, இவரைக் கேட்காமலே நாடகத்தின் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டது. இவர் வெளியே வந்தார். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. சென்னையில் ஒரு கலை விழாக்காரர்கள்தான் பல வருஷம் கழித்துக் கூப்பிட்டு, கும்மிடிப்பூண்டியில் இந்த மூடிப்போன ஷெட்டைக் காட்டினார்கள்.

"எனக்கு ஒரு கடைசிக் காட்சி பாக்கி இருக்கிறது. அதை முழுசாகப் பார்த்துவிட்டால் போதும், வீட்டுக்குப் போய்விடுவேன்" என்றார்.

என்ன செய்வது என்று அவருக்கே தெரியாமல்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் ஷெட்டின் உடைந்த ஜன்னல் வழியாகப் பக்கத்து ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அங்கே ஆடிட், பாதுகாப்பைச் சோதிக்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பீரோவிலிருந்து புது ஹெல்மெட், கையுறை, ஷூ எல்லாம் வெளியே வந்தன. எல்லாரும் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குள் நடந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதிலைச் சொன்னார்கள். கார் கிளம்பியதும் எல்லாவற்றையும் கழற்றி பீரோவில் வைத்தார்கள். பீரோவைப் பூட்டினார்கள். வெறுந்தலையோடு உலைப் பக்கம் போனார்கள்.

லொரென்ஸ் நகரவே இல்லை. அன்று ஷிப்ட் முடிந்து வந்தவர்களிடம், "இதை டைரக்ட் செய்தது யார்?" என்று கேட்கச் சொன்னார்.

"நான்தான். இன்னாத்துக்கு?" என்றான் தாவீது.

"அம்பது வருஷத்துல இப்படி ஒரு கோரஸ் கெடைச்சதில்லன்றாரு."

"அப்போ அடுத்த ஆடிட்டுக்கு வாத்தியாரையே இட்டுக்கினு வா பென்னி. எனக்குப் பேஜாரு மிச்சம்."

அதுவே நாடகம் ஆனது. ரம்யா மேலே நின்று ஒரு பழைய இத்தாலியப் பாட்டைப் பாட, கீழே இவர்கள் ஆடிட்டை நடத்த வேண்டும். ரிகர்சல் முழுக்கச் சிரிப்பு. ஆடிட்டர் கேள்வியைத் தாவீதே கேட்பான்.

"தீப்புடிச்சா இன்னா பண்ணுவ?"

"அசெம்பிளி பாயிண்ட்டுக்குப் போவேன் சார்."

"அது எங்க கீது?"

"நீங்க கெளம்புங்க சார், தேடிப் பாத்து சொல்றேன்."

கடைசிக் காட்சியில் மட்டும் சிரிப்பில்லை. பாட்டு முடியும். லொரென்ஸ் மர ஸ்டூலைத் தட்டுவார், சைரன் ஒலிக்கும். ஏஞ்சலின் முதலில் ஹெல்மெட்டைக் கழற்றி பீரோவில் வைப்பாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக. கலியன் பூட்டுவான். எல்லாரும் வெறுந்தலையோடு ஷெட்டின் கோடியில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்து நடப்பார்கள். ஜோஷ்வா பேரை யாரும் சொல்ல வேண்டாம். பீரோ பூட்டியிருந்தது என்பது தெரிந்தால் போதும்.

முகத்தில் ஒன்றும் காட்ட வேண்டாம் என்று லொரென்ஸ் சொன்னதை ஏஞ்சலினிடம் சொன்னேன்.

"காட்றதுக்கு இன்னா கீது அண்ணா? ஒன்னியும் இல்லன்னு சொல்லு" என்றாள்.

ஹெல்மெட்டும் பீரோவும் ஆலையிலிருந்தே இரவல் வந்தன. தொழிலாளர் பற்றிய கலை நிகழ்ச்சி, கம்பெனிக்கு நல்ல பேர் என்று பாக்கியநாதன் நினைத்திருந்தார். ரிகர்சல் பக்கம் அவர் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிப்பதற்கு முன்பு ஏஞ்சலின் திரையோரம் என்னிடம் வந்தாள்.

"பென்னி அண்ணா, அவரு மொத வரிசைலயே குந்திக்கினு கீறாரு."

"பாத்தேன்."

"சரி" என்று போய்விட்டாள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. கேள்வி, பதில், மஞ்சள் கோடு. ரம்யா பாடி முடித்தாள். லொரென்ஸ் ஸ்டூலைத் தட்டினார். சைரன் ஒலித்தது.

ஏஞ்சலின் நின்றாள். எல்லாரும் நின்றார்கள். தாவீதின் ஷூ நுனி மஞ்சள் கோட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. யாரும் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். கழுத்தில் அட்டை மாட்டிய வெள்ளைக்காரர்களும் பக்கத்தில் மேனேஜரும் எதிரே உட்கார்ந்திருந்தால் அந்த ஆலையில் யாரும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார்கள். அது மூளைக்குப் போகிற சமாச்சாரமே இல்லை. லொரென்ஸ் மறுபடி தட்டினார். சைரன் மறுபடி ஒலித்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒருவரும் அசையவில்லை.

யாரோ ஒரு விருந்தாளி கைதட்டினார். பிறகு எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். பாக்கியநாதன் எழுந்து வந்து மைக்கை வாங்கி, பாதுகாப்புதான் எங்கள் கம்பெனியின் உயிர்மூச்சு என்றார். போட்டோ எடுத்தார்கள். ஹெல்மெட் போட்டவர்களுக்கு நடுவில் லொரென்ஸை நிற்க வைத்தார்கள். நின்றார்.

விருந்தாளிகளோடு ரம்யாவும் பஸ்ஸில் போய்விட்டாள். பாக்கியநாதன் காரும் போயிற்று. ஏன் கழற்றவில்லை என்று கேட்கச் சொன்னார் லொரென்ஸ். கேட்டேன்.

"வர்ல பென்னி" என்றான் தாவீது. "கை மேல போவவே இல்ல. வாத்தியாராண்ட சாக்குலாம் சொல்லாத. வர்லன்னு மட்டும் சொல்லு."

சொன்னேன். ஏஞ்சலின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலியன் சாவிக்கொத்தை ஆட்டினான். "மேனேஜரு போன் மேல போன் போட்டுக்கினு கீறாரு. ஹெல்மெட்ட உள்ள வைங்கபா. ரயில விட்டுடப் போறீங்க."

ஏஞ்சலின்தான் முதலில் கழற்றினாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. பீரோவில் வைத்துவிட்டு நகர்ந்தாள். அடுத்து தாவீது. பிறகு ஒவ்வொருவராக, ரிகர்சலில் வந்த அதே வரிசையில். சிவப்பு விளக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் முகத்தில் ஒன்றும் இல்லை. லொரென்ஸ் போய் முதல் வரிசையில், பாக்கியநாதன் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பார்ப்பதை அவர்கள் கவனிக்கவில்லை. கலியன் பீரோவைப் பூட்டி இழுத்துப் பார்த்தான். ஸ்டேஷனுக்கு ஷெட்டின் பின்பக்கம்தான் குறுக்கு வழி. சிவப்பு விளக்கைத் தாண்டி ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள்.

கடைசி ஆள் போன பிறகும் லொரென்ஸ் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"வேகம் சரியாக இருந்தது" என்றார்.

ரிகர்சலில் அவர் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. எழுந்து ஸ்டூலைப் பார்த்தார். அதை எடுக்கவில்லை. கலியன் விளக்கை அணைத்துவிட்டு வந்தான். நான் முதலில் வெளியே வந்தேன். லொரென்ஸ் குனிந்து வாசலைத் தாண்டினார், திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த கலியன் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டினான்.