ஏழாவது பத்தி

நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த மனுத் தட்டச்சுக் கடைக்குப் பகல் பதினொரு மணிக்கு ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தாள். அவள் பையிலிருந்து எடுத்து நீட்டிய தாள்களில் முதலாவதைப் பார்த்ததுமே கடைக்காரிக்குக் காது இரண்டும் சுட்டது. தடுப்புக் காவல் உத்தரவு. அதிலிருந்த பெயரை ஏழு வருஷமாக அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனசுக்குள் சபிக்காத நாளும் இல்லை. தேசப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆட்களைப் பிடித்து உள்ளே போட உத்தரவு எழுதிக்கொண்டிருந்த பெரிய அதிகாரியின் பெயர் அது. இப்போது அதே சட்டத்தில் அவரே உள்ளே இருக்கிறார். வந்திருப்பது அவர் மனைவி. நன்றாக வேண்டும் என்று கடைக்காரி நினைத்தாள். வயிறு குளிர்ந்தது.

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள மறுஆய்வுக் குழுவுக்கு மனு போயிடணுமாம். அங்க வக்கீல் யாரும் வந்து பேசக் கூடாதாம். எழுதிக் குடுக்கறதுதான் எல்லாமேங்கறாங்க. ஆனா எழுதித் தரவே எல்லாரும் பயப்படறாங்க. நீங்க நல்லா எழுதுவீங்கன்னு கோர்ட் வாசல்ல சொன்னாங்க."

நன்றாக எழுதுவாள்தான். எழுத வைத்ததே அந்த அதிகாரிதான். செல்போன் பழுது பார்த்துக்கொண்டு தானுண்டு தன் கடையுண்டு என்றிருந்த அவளுடைய தம்பியை ஒரு நாள் கடையோடு அள்ளிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு மாதம். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. ஏன் என்று கேட்டால், நாட்டின் நலன் கருதித் தெரிவிப்பதற்கில்லை என்று ஒரு வரி. அவள் இருபத்து மூன்று மனு போட்டாள். ஒரு தடவை அந்த அதிகாரி முன்னாலேயே போய் நின்று, தம்பி ரகசியக் கூட்டத்தில் இருந்ததாக உத்தரவில் சொல்லியிருக்கும் தேதியில் அவன் குடல்வால் அறுவை முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான் என்று ரசீதை நீட்டினாள். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "கைத்தவறும்மா. அதுக்கெல்லாம் உத்தரவு மாறாது" என்றார். தம்பி திரும்பி வந்தான். நாற்பது வயசு ஆம்பளை, இன்றைக்கும் குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, "அக்கா, போகட்டுமா?" என்று கேட்கிறான். போ என்று சொல்லும்வரை நிற்கிறான்.

ஆட்சி மாறினால் இந்தச் சட்டத்தைக் கிழித்துக் குப்பையில் போடுவோம் என்று மேடைக்கு மேடை தொண்டை கிழியக் கத்தியவர்கள், நாற்காலி கிடைத்ததும் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். அரசியல் சாசனம் இதை அனுமதிக்கிறதா இல்லையா என்று தொலைக்காட்சியில் தினமும் நாலு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். கடைக்காரி சத்தத்தை அணைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

உத்தரவைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஏழாவது பத்தியில் நின்றாள். 'மேற்படி நபர் செல்போன் பழுது பார்க்கும் தொழிலைப் போர்வையாகக் கொண்டு, ஒட்டுக்கேட்க இயலாத கருவிகளைச் செய்து தேச விரோதிகளுக்கு வழங்கி வந்தார்.' அட பாவிகளா! எழுத்துக்கு எழுத்து அவளுக்கு மனப்பாடம். தம்பியின் உத்தரவை எடுத்து, பெயரையும் விலாசத்தையும் தேதியையும் மாற்றிவிட்டு, நடுவில் இருப்பதை யாரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இதை ஒரு வரி சுட்டிக் காட்டினால் போதும். படிக்காமல் போட்ட உத்தரவு குழுவின் முன் நிற்காது. ஆள் ஒரு வாரத்தில் வீட்டில் இருப்பார். காட்டாவிட்டால் ஒரு வருஷம் நிச்சயம். கடைக்காரி அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

பெண்மணியும் அந்தப் பத்தியைப் பார்த்திருந்தாள். "அது ஏதோ கைத்தவறு. அதைப் போய்க் கிளறினா அவங்களுக்குக் கோவம்தான் வரும். வயசாச்சு, சர்க்கரை இருக்கு, முப்பது வருஷம் உழைச்சாருன்னு கெஞ்சி எழுதுங்க."

கைத்தவறு. புருஷனிடமிருந்து பொண்டாட்டிக்கு ஒட்டிக்கொண்ட சொல். கடைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பக்கம் கெஞ்சி அடித்தாள். கல்லும் கரையும்படியான கெஞ்சல். பெண்மணி அதை வாங்கிப் பைக்குள் வைத்தாள். குழு கரையாது என்பது அவளுக்குத் தெரியும். இதோடு அனுப்பினால் கதை முடிந்தது. ஆனால் ஒரு வருஷம் உள்ளே இருந்துவிட்டு அந்த ஆள் தியாகி என்று மாலையோடு வெளியே வருவான், அவள் தம்பி அப்போதும் குளியலறைக் கதவுக்கு முன்னால் நிற்பான். அதை நினைத்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாது, இந்தப் பழி போதவே போதாது. புதிதாக ஒரு பக்கம் திறந்து மடமடவென்று அடித்து, பெண்மணியின் கையில் கொடுத்தாள்.

'ஏழாவது பத்தி என்னைப் பற்றியது அல்ல. ஏழாண்டுகளுக்கு முன் செல்போன் பழுது பார்க்கும் ஒருவரைச் சிறையில் வைப்பதற்காக நானே எழுதியது. அப்போதும் அது பொய். பொய் என்று தெரிந்தே கையெழுத்திட்டேன்.'

பெண்மணி இரண்டு முறை படித்தாள். "இதுல அவரு கையெழுத்துப் போடணுமா?"

"போட்டா ஒரு வாரத்துல வந்துடுவாரு. போடலேன்னா அந்தக் கெஞ்சல் மனு இருக்கு. வருஷம் பூரா உள்ளயே இருக்கட்டும்."

"முதல் வரி மட்டும் போதாதா?"

"போதும். ஆனா நான் அடிச்சுத் தர மாட்டேன். வேணும்னா நீங்களே கையால எழுதிக்குங்க."

"யாரும்மா நீங்க?"

"அந்தச் செல்போன்காரனோட அக்கா."

வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்மணி எழுந்து போய்விடுவாள் என்றுதான் கடைக்காரி எதிர்பார்த்தாள். கத்துவாள், அழுவாள், காலில் விழுவாள். எதற்கும் அவள் தயாராக இருந்தாள். ஏழு வருஷமாக ஒத்திகை பார்த்த பதில்கள் இருந்தன.

"அந்த ஏழாவது பத்தியை அவரு வீட்டுல உக்காந்துதான் எழுதினாரு" என்றாள் பெண்மணி, தாளைப் பார்த்தபடியே. "சாப்பாடு ஆறிப்போகுதுன்னு நான் கூப்பிட்டேன். 'இரு, ஒருத்தனுக்குக் குத்தம் ஒண்ணு புடிச்சுக் குடுத்துட்டு வரேன்'னாரு. நானும் சிரிச்சேன்."

கடைக்காரி கவிழ்த்து வைத்திருந்த தாளை நிமிர்த்தி, உத்தரவோடு சேர்த்து அவள் பக்கம் தள்ளினாள்.

"ஜெயில்ல மூணு மணிக்குப் பார்க்க விடுவாங்க" என்று பெண்மணி பையை மடியில் வைத்துத் திறந்தாள். கெஞ்சல் மனுவை எடுத்து மேசையில் திருப்பி வைத்துவிட்டு, கையிலிருந்த புதுத் தாளைக் காட்டினாள். "இதுலயே இன்னும் ரெண்டு காப்பி போடுங்க."

"ரெண்டு எதுக்கு?"

"முதல் ரெண்டையும் கிழிச்சுடுவாரு."

கடைக்காரி பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் கொஞ்சம் முக்கிவிட்டு ஒவ்வொரு தாளாக வெளியே தள்ளியது. பெண்மணி எழுந்து வந்து, விழ விழத் தானே எடுத்து, சூடு ஆறும்வரை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.