பாலம் தகர்ந்த நேரம்

அந்தப் பதிப்பகத்தில் அவளுக்குப் பூனைக்கண் என்று பெயர். பத்தொன்பது வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறாள். ஒரு காற்புள்ளி இடம் மாறி நின்றாலும் பிடித்துவிடுவாள். ஓய்வுபெற்ற தளபதி எழுதிய போர் வரலாறும் அதனால்தான் அவள் மேசைக்கு வந்தது. தோற்றுப்போன படை ஒரே நாளில் ஆற்றைத் தாண்டி, துறைமுகத்தில் கப்பலேறித் தப்பித்த கதை. நானூறு பக்கம்.

ஏழாம் அத்தியாயத்தில் அவள் பேனா நின்றது.

"மாலை ஆறு மணிவரை பாலத்தைக் காத்து நின்றேன். காயம்பட்டவர்களை ஏற்றி வந்த லாரி ஓட்டுநர் அவர்களை நடுவழியில் போட்டுவிட்டு ஓடிவிட்டான். வேறு வழியின்றி என் கையாலேயே பாலத்தைத் தகர்த்தேன்."

அந்த ஓட்டுநர் அவளுடைய அண்ணன்.

பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு அண்ணன் ஐந்தரை மணிக்கே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். பாலம் அதற்கு முன்பே தண்ணீரில் கிடந்தது. ஆறு மணிவரை இருக்கும் என்று உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் இதே தளபதிதான்; அன்றைக்கு மேஜர். ஒன்பது பேர் கரையிலேயே செத்தார்கள். எதிரிகள் அண்ணனைப் பிடித்து நாலு வருஷம் வைத்திருந்தார்கள். ஒரு காலை இழந்து வீடு திரும்பியவர், முதல் வேலையாக ஒன்பது வீட்டுக்கும் கடிதம் எழுதினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"விட்டுத்தள்ளு பாப்பா," என்றார் அண்ணன்.

"ஓடிப்போனவன்னு எழுதியிருக்கான்ணா."

"ஒத்தக் கால்ல ஓடினேன்னா அதுவும் பெருமைதானே?" என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் பின்னிணைப்புக்கு வந்தாள். புத்தகத்துக்குக் கனம் சேர்க்க, கப்பலின் பதிவேட்டைத் தளபதி தன் கையாலேயே நகலெடுத்துக் கொடுத்திருந்தார். எழுதினாரே தவிர, படித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. முந்நூற்று நாற்பதாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது: 'மாலை நாலே முக்கால். ஏறியவர், பாலக் காவல் அணி மேஜர். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு நாய்.'

முரண்பாடு கண்ணில் பட்டால் வட்டம் போட்டு ஓரத்தில் கேள்விக்குறி வைக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. பென்சிலை எடுத்தாள். ஒன்பது பேரை நினைத்தாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

அடுத்த வாரம் தளபதியே அலுவலகத்துக்கு வந்தார். எதிர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு முதலாளி சொன்னாரே. திருத்தம் நிறைய இருக்காம்மா?"

"ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியதில்லைங்க ஐயா," என்றாள்.

புத்தகம் அச்சானது. வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு, அண்ணனின் பழைய நோட்டில் இருந்த ஒன்பது முகவரிக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பினாள். உள்ளே ஒரு துண்டுச்சீட்டில் இரண்டு பக்க எண், விழா நடக்கும் இடம், நேரம். விழாவுக்கு மூன்று வீட்டிலிருந்து வந்திருந்தார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் ஓர் அம்மாள் எழுந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கணவர் அந்த லாரியில் வந்தவர்.

"ஆறு மணிக்குப் பாலத்தைத் தகர்த்தேன்னு நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. முந்நூத்தி நாப்பதுல நாலே முக்காலுக்கே கப்பல் ஏறிட்டீங்க. எது நிஜம்?"

தளபதி பக்கங்களைப் புரட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. "இது... அச்சுப் பிழை," என்று மென்று விழுங்கினார்.

முதலாளி பின்வரிசையில் இருந்த பூனைக்கண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவள் பையைத் திறந்துகொண்டே எழுந்தாள்.

"பிழை இல்லைங்க. ஐயா கையெழுத்துலயே இருக்கு. மூலத்தைக் கொண்டு வந்திருக்கேன்."

தாள் வரிசை வரிசையாகக் கைமாறியது. "எங்க வீட்டுக்காரருக்கு இல்லாத இடம் உங்க நாய்க்கு இருந்துச்சா?" என்று அந்த அம்மாள் கேட்டார். தளபதி கைத்தடியைத் தேடினார். அதை எடுத்துக் கொடுக்க ஒருவரும் குனியவில்லை.

விழாவில் நடந்தது மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. கடைகளுக்குப் போன பிரதிகளை முதலாளி திரும்ப வரவழைத்தார். கண்ணில் பட்டதை மறைத்ததற்காக அவளை வேலையைவிட்டு நிறுத்தினார். அது நியாயம்தான் என்று அவளுக்கும் தெரியும். பேனாக்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, மனசில் துளி வருத்தமில்லாமல் படியிறங்கினாள்.

அண்ணன் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தாள்.

"அந்தம்மா கேட்டப்போ அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்றார்.

அவள் சொன்னாள், கைத்தடியைத் தேடியதைக்கூட விடவில்லை.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லு பாப்பா. மெதுவா சொல்லு."