கம்பளி யாருடையது

1

இந்தக் கதை ஒரு கம்பளிப் போர்வையிலிருந்து வந்தது. 1991இல் நடந்ததை ஏழு வருடம் எழுதாமலே ஓட்டிவிட்டேன்.

'அம்பத்தூர் எஸ்டேட்டின் புகைபோக்கிகளுக்கு மேலே சூரியன்...' வேண்டாம். அந்த நேரத்தில் யாரும் சூரியனைப் பார்க்கவில்லை.

நேரே சொல்கிறேன். கள்ளிக்குப்பத்து வீராசாமி லேத் ஓட்டுகிறவன். காலை ஷிப்டில் மெஷின் மேலேயே சாய்ந்தான். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் எழவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். அவன் மறுபடி பேசுவானா என்பதுதான் கதை.

2

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவனுக்குக் காய்ச்சல் 103. டாக்டர் சொர்ணம் ஃபேனைப் போட்டு, அக்குளில் ஐஸ் பை வைக்கச் சொன்னார்.

(டாக்டரை முதலில் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். அநியாயம், அந்த வரியை அடித்துவிட்டேன்.)

எங்கள் பக்கத்தில் வாதம் என்றாலே குளிர்ச்சியால் வருவது. சூடாகத் தைலம் தேய்த்து இழுத்துப் போர்த்துவார்கள். வீராசாமியின் மனைவி பூங்காவனம் மிரண்டுபோனாள். "வாதத்துக்குப் போயி ஐஸ் வெக்கிறாங்களே, இன்னா நாயம் இது?"

நர்ஸ் நகர்ந்ததும் பைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கம்பளியால் கழுத்துவரை போர்த்தினாள். காய்ச்சல் 104 ஆனது.

3

டாக்டர் கத்தவில்லை. "அடிபட்ட மூளை சூட்டுல இன்னும் கெடும்மா. குளிர்ந்தா அதோட தேவை குறையும், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்னு நெனைக்கிறாங்க. எலிங்களுக்கு ஒடம்பையே குளிர வெச்சுப் பாக்கறாங்க. மனுஷங்களுக்கு இன்னும் முடிவா தெரியல. நான் காய்ச்சலையாவது எறக்கணும்."

பூங்காவனத்துக்கு ஏறவில்லை. வீராசாமிகூட வேலை செய்யும் நாகேந்திரன் சொன்னான்: "லேத்துல இரும்ப சீவுற டூல் மேல வெள்ளத் தண்ணி ஊத்திக்கினே இருப்போம். நிறுத்துனா டூல் கருகிடும். அந்த மாரிதான் இதுவும்."

(எண்ணெய் கலந்த தண்ணீர் அது, பால் போல இருக்கும்.)

"அவரு சட்டைல கறையா வருமே, அதுவா?"

"அதேதான்."

அவள் கம்பளியை விலக்கிவிட்டு, குனிந்து ஐஸ் பைகளை வெளியே இழுத்தாள். பிறகு யாரையும் தொடவிடவில்லை, துணியை நனைத்து நனைத்து அவளே போட்டாள்.

4

ஒரு திருத்தம். இரண்டாம் பகுதியில் பொய் இருக்கிறது.

நாகேந்திரன் நான்தான். ஆவடியில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் அந்தக் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு போனவன் நான். ஐஸ் பையைத் தள்ளியதும், அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது போர்த்தியதும் நான். பயம் மட்டும் அவளுடையது. இருபது வருடம் டூல் மேல் தண்ணீர் ஊற்றியவனுக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு ஒன்று: வீராசாமி செத்துப்போகிறான். (பொய், அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: பத்தாம் நாள் ஷிப்டுக்குப் போகிறான். (இதுவும் பொய்.)

நடந்தது இது. ஆறாம் நாள் பூங்காவனத்தைப் பார்த்து "தண்ணி" என்றான். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன், அப்பாடா என்றிருந்தது. ஐஸால்தான் பிழைத்தானா? டாக்டர் இன்றுவரை ஆமாம் என்று சொல்லவில்லை.

நேற்று அவன் வலது காலை லேசாக இழுத்தபடி என் வீட்டுக்கு வந்தான். இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். நாலாம் பகுதியையும் விடாமல் படித்தேன்.

"தெரியும் மச்சான்," என்றான், ஒவ்வொரு சொல்லாக. "அன்னிக்குக் கண்ணத் தொறக்க முடியல. ஆனா கம்பளில ஒன் பீடி நாத்தம் அடிச்சிது."

"ஏழு வருசமா ஏன்டா சொல்லல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்."

அதற்கு நான் சொன்னது,

இல்லை, எழுத மாட்டேன். கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். உங்களிடமும் இப்படிச் சொல்லாமல் வைத்த ஒரு கம்பளி இருந்தால், அந்த வரியில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

..............................